ஆங்கிலத்தில் புழங்கும் கிரேக்கச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி: 'சிலபஸ்' துணையுடன் ஒரு வழிகாட்டி

ஆங்கிலச் சொல் ஒன்றைக் காட்டி "இது கிரேக்கத்திலிருந்து வந்தது" என்று சொல்லிவிடுவது எளிது. "எந்த நூலில் பார்த்தீர்கள்?" என்று யாராவது திருப்பிக் கேட்கும்போதுதான் விழிக்க வேண்டியிருக்கும். பள்ளி மலருக்குச் சொல் வரலாற்றுப் பத்தி எழுதும் ஆசிரியர்கள், கலைச்சொல் தேடும் மொழிபெயர்ப்பாளர்கள், வாட்ஸ்அப்பில் வரும் வேர்ச்சொல் விளக்கத்தை நம்பலாமா என்று தயங்குபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எந்த அகராதியை முதலில் திறப்பது, எதற்குக் காசு கொடுப்பது, எங்கே ஏமாறுவோம் என்று சொல்ல ஆளில்லாமல் நான் முட்டி மோதித் தெரிந்துகொண்டவை இவை. நீங்களாவது நேர்வழியில் போங்கள்.

கிரேக்க மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதன் 24 எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டால் போதும். அதற்கு இரண்டு மாலைப்பொழுது தாராளம். சாதாரணச் சொல்லுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். வம்பு பிடித்த சொல்லாக இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். உதாரணத்துக்கு 'சிலபஸ்' என்ற சொல்லைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆனால் அதன் பிறப்பைத் தோண்டினால் பெரிய பெரிய பதிப்பாசிரியர்களே சறுக்கியிருப்பது தெரியும்.

1. முதலில் கருவிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பணம் செலவழிக்கும் முன் இலவசமாகக் கிடைப்பவற்றை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

முதல் நிறுத்தம், டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த 'எட்டிமான்லைன்' என்ற இணையச் சொற்பிறப்பு அகராதி. கட்டணம் இல்லை, சுருக்கமாக இருக்கும், பொருள் எந்த ஆண்டுவாக்கில் மாறியது என்றும் சொல்லும். ஆனால் இது வழிகாட்டிப் பலகை மட்டுமே. இதையே சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுதாதீர்கள்.

இரண்டாவது, ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. இன்றைய இணையப் பதிப்பை முழுமையாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும்; தனிநபருக்கு அது சில ஆயிரம் ரூபாய்ச் சமாசாரம். அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த முதல் பதிப்பு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் முழுவதுமாக இலவசம். கிரேக்கச் சொற்களைப் பொறுத்தவரை அந்தப் பழைய பதிப்பே நம் தேவையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். பிரிட்டனில் உறவினர் இருந்தால் இன்னும் வசதி: அங்கே பல ஊர்ப் பொது நூலகங்களின் உறுப்பினர்கள் தங்கள் அட்டை எண்ணைக் கொண்டே இணையப் பதிப்புக்குள் நுழையலாம். ஒரு சொல்லைப் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்பது பெரிய உதவியல்ல. கேட்கத் தயங்க வேண்டாம்.

மூன்றாவது, லிடெல், ஸ்காட் இருவரும் தொகுத்த கிரேக்க-ஆங்கில அகராதி. முதல் பதிப்பு 1843. ஜோன்ஸ் திருத்திய ஒன்பதாம் பதிப்பு 1940இல் முடிந்தது. மூவர் பெயரையும் சேர்த்து 'எல்எஸ்ஜே' என்பார்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்திலும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகியான் தளத்திலும் இலவசம்.

காசு கொடுத்து வாங்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பீக்ஸ் எழுதிய கிரேக்கச் சொற்பிறப்பு அகராதி 2010இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. கிரேக்கச் சொல்லின் வேருக்கும் வேரைத் தேடுவதற்கு அதுதான் நூல். விலையைக் கேட்டால் தலை சுற்றும். பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்துத் தேவையான பக்கத்தை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாயோடு முடிந்துவிடும்.

நூலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டையின் நகலும், நீங்கள் வேலை பார்க்கும் அல்லது படிக்கும் நிறுவனத்தின் அறிமுகக் கடிதமும் கையில் இருக்கட்டும். வெளியாரை உள்ளே விடப் பல்கலைக்கழக நூலகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் கேட்கும். கடிதத்தில் "ஆய்வுக்காக" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், பார்க்க வேண்டிய நூலின் பெயரையே எழுதி வாங்குங்கள். நூலின் பெயர் இருந்தால் மேசையில் இருப்பவர் அடுக்கைக் காட்டிவிடுவார். இல்லாவிட்டால் மேலதிகாரியைப் பார்க்கச் சொல்வார். அவர் அன்றைக்கு விடுப்பில் இருப்பார்.

2. சொல் கிரேக்கம்தானா என்று உறுதிசெய்யுங்கள்

ஆங்கில எழுத்துக்கூட்டலில் சில தடயங்கள் உண்டு. 'பி-எச்' சேர்ந்து 'ஃப' ஒலி தந்தால் (ஃபிலாசஃபி), 'சி-எச்' இருந்தும் 'க' ஒலி வந்தால் (கோரஸ், ஸ்கூல்), 'பி'யை விழுங்கிவிட்டு 'எஸ்'ஸோ 'என்'னோ ஒலித்தால் (சைக்காலஜி, நிமோனியா), 'ஆர்-எச்' என்று தொடங்கினால் (ரிதம்), சொல்லின் நடுவே 'ஒய்' உயிரெழுத்தாக உட்கார்ந்திருந்தால் கிரேக்க வாடை அடிக்கிறது என்று கொள்ளலாம்.

வாடைதான், முடிவல்ல. 'ஸ்டைல்' என்பதில் 'ஒய்' இருக்கிறது. மூலமோ லத்தீன் 'ஸ்டிலுஸ்', அதாவது எழுத்தாணி. தூணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு குழப்பிக்கொண்டு யாரோ 'ஒய்' போட்டுவிட்டார்கள். 'ரைம்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ரிதம்' என்பதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட எழுத்துக்கூட்டல் அது. 'ஆத்தர்' என்பதில் உள்ள 'டி-எச்' வெறும் வேடம். மூலத்தில் லத்தீன் 'ஔக்டோர்'தான் இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சர்ச், பிஷப், டெவில், பட்டர் ஆகிய நான்கையும் பார்த்தால் அசல் ஆங்கிலச் சொற்களைப் போலத் தோன்றும். நான்குமே கிரேக்க வழி வந்தவை. மிகப் பழங்காலத்திலேயே நுழைந்துவிட்டதால் தேய்ந்து ஊர்க்காரர்களாகிவிட்டன.

மருத்துவக் கலைச்சொற்களில் புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. 'பெட்' என்ற உறுப்பு லத்தீனிலிருந்து வந்தால் கால் (பெடல், பெடஸ்ட்ரியன்). அமெரிக்க எழுத்துக்கூட்டலில் 'பீடியாட்ரிக்ஸ்' என்பதிலும் அதே மூன்று எழுத்துகள்தான். ஆனால் அங்கே அது கிரேக்கம், பொருள் குழந்தை. கிரேக்கத்தில் காலுக்கு வேறு சொல். 'டிரைபாட்' என்பதில் இருப்பது அது. 'ஹோமோ' என்பதும் அப்படித்தான்: கிரேக்கத்தில் 'ஒரே', லத்தீனில் 'மனிதன்'. எழுத்து ஒன்றாக இருப்பதால் உறவு கொண்டாடக் கூடாது.

3. முதற்பதிவு ஆண்டைப் பிடியுங்கள்

வேரைத் தேடும் முன் ஆண்டைத் தேடுங்கள். அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் முதன்முதலில் எந்த ஆண்டு பதிவாகியிருக்கிறது என்பதுதான் இந்த வேலைக்கு அஸ்திவாரம். ஆக்ஸ்போர்டு அகராதியில் ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் மேற்கோள்கள் ஆண்டு வரிசையில் இருக்கும். வரிசையின் தலையில் நிற்பதை ஆண்டு, ஆசிரியர், நூல் என்று மூன்று விவரத்தோடும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிலபஸுக்கு அப்படிக் கிடைப்பது 1656. தாமஸ் பிளவுண்ட் என்பவர் அரிய சொற்களைத் தொகுத்து வெளியிட்ட 'குளோஸோகிராஃபியா' என்ற அகராதி. அதில் சிலபஸ் என்றால் நூலில் உள்ள விஷயங்களை எழுத்தாலும் எண்ணாலும் காட்டும் அட்டவணை. பாடத்திட்டம் என்ற பேச்சே அங்கே இல்லை.

இந்த ஓர் ஆண்டு பல கட்டுக்கதைகளை ஒரே வெட்டில் சாய்த்துவிடும். யாராவது சொல்லும் கதை நடக்க வேண்டுமானால் அந்தச் சொல் 1656க்குப் பிறகுதான் பிறந்திருக்க வேண்டும் என்று வந்தால், கதையைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் முதற்பதிவு வேறு, பிறந்த தேதி வேறு. பேச்சிலும் கடிதங்களிலும் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம். "1656இல் உருவானது" என்று எழுதாதீர்கள். "1656இல் பதிவாகியிருக்கிறது" என்று எழுதுங்கள்.

4. எந்த வாசல் வழியாக வந்தது?

கிரேக்கச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைய மூன்று வாசல்கள்.

ஒன்று, லத்தீனும் பிரெஞ்சும் கைமாற்றிக் கொடுத்தவை. 'இடியட்' அப்படி வந்தது. கிரேக்கத்தில் 'இடியோட்டேஸ்' என்பவர் பொதுக்காரியங்களில் பதவி வகிக்காத தனிமனிதர், அவ்வளவுதான். இரண்டு, மறுமலர்ச்சிக்காலத்துப் படிப்பாளிகள் பழைய நூல்களிலிருந்து நேரே எடுத்துக்கொண்டவை. மூன்று, பிற்காலத்தவர் கிரேக்க உறுப்புகளை ஒட்டித் தாங்களே செய்துகொண்டவை.

மூன்றாவது வாசலில்தான் கூட்டம் அதிகம், தவறும் அதிகம். 'நாஸ்டால்ஜியா' என்ற சொல் எந்தப் பண்டைக் கிரேக்கர் வாயிலும் வந்ததில்லை. யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688இல் பாசல் நகரில் அளித்த ஆய்வேட்டில், ஊர் ஏக்கத்தால் வாடியவர்களின் நோய்க்குப் பெயர் வைக்க 'நோஸ்டோஸ்' (வீடு திரும்பல்), 'ஆல்கோஸ்' (வலி) இரண்டையும் ஒட்டினார். 'டைனோசர்' 1842இல் ரிச்சர்ட் ஓவன் செய்தது. 'டெலிவிஷன்' பாதி கிரேக்கம், பாதி லத்தீன். ஆகவே "பண்டைக் கிரேக்கர்கள் இதை இப்படி அழைத்தார்கள்" என்ற வாக்கியத்தை எழுதும் முன் எந்த வாசல் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலபஸ் பிற்கால லத்தீன் வழியாக வந்தது. அதற்கு மூலம் 'சில்லபோஸ்' என்ற கிரேக்கச் சொல் என்றும், அது 'சில்லம்பானோ' (சேர்த்துப் பிடிக்கிறேன், ஒன்றாகத் திரட்டுகிறேன்) என்ற வினையிலிருந்து பிறந்தது என்றும் பல நூல்கள் சொல்லும். பாடங்களைச் சேர்த்துத் திரட்டியது சிலபஸ், பொருத்தமாக இருக்கிறதல்லவா? பெரும்பாலானோர் இங்கேயே கடையைக் கட்டிவிடுவார்கள். நீங்கள் கட்ட வேண்டாம்.

5. கிரேக்க அகராதியைத் திறக்கும் முறை

இந்த இடத்தில்தான் புதியவர்கள் சலித்துப்போய் எழுந்துவிடுகிறார்கள். நான்கு விஷயம் தெரிந்தால் பாதி எரிச்சல் குறையும்.

முதலாவது, தட்டச்சு. பெர்சியஸ் தளத்தில் ஆங்கில விசைப்பலகையாலேயே கிரேக்கச் சொல்லைத் தேடலாம். ஆனால் அதற்குத் தனி முறை. தீட்டாவுக்கு 'டி-எச்' அடித்தால் ஒன்றும் வராது. 'கியூ' அடிக்க வேண்டும். ஈட்டாவுக்கு 'எச்', ஒமேகாவுக்கு 'டபிள்யூ', கைக்கு 'எக்ஸ்', க்ஸைக்கு 'சி', ஃபைக்கு 'எஃப்', ப்ஸைக்கு 'ஒய்'. உப்சிலானுக்கு 'யு'. ஆங்கிலத்தில் 'ஒய்' என்று எழுதும் உயிர் இங்கே 'யு' ஆகிவிடுவதைக் கவனியுங்கள். சிலபஸைத் தேடும்போது முதல் தடுக்கல் இதுதான். இந்த எட்டு எழுத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தலைச்சொல். ஆங்கில அகராதிகள் கிரேக்க வினையைச் 'சில்லம்பானெய்ன்' (சேர்த்துப் பிடிக்க) என்ற வடிவில் சொல்லும். எல்எஸ்ஜேயில் அப்படித் தேடினால் கிடைக்காது. கிரேக்க அகராதியில் வினைச்சொல் தன்மை ஒருமையில், 'சில்லம்பானோ' என்று நிற்கும்.

மூன்றாவது, 'ஹ' ஒலி. கிரேக்க அரிச்சுவடியில் அதற்குத் தனி எழுத்து இல்லை. உயிரெழுத்தின் தலையில் கவிழ்ந்த காற்புள்ளி போன்ற குறிதான். 'ஹிஸ்டீரியா'வின் மூலத்தை உப்சிலானிலும், 'ஹிப்போ'வின் மூலத்தை அயோட்டாவிலும், 'ஹீரோ'வின் மூலத்தை ஈட்டாவிலும் தேட வேண்டும்.

நான்காவது, புணர்ச்சி. 'சின்' என்ற முன்னொட்டின் கடைசி எழுத்து அடுத்த எழுத்தைப் பார்த்து மாறும்: லகரத்துக்கு முன் 'சில்', மகர பகரங்களுக்கு முன் 'சிம்'. சிம்பதி, சிலபிள், சிந்தஸிஸ் மூன்றிலும் இருப்பது ஒரே முன்னொட்டுதான். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைப் படித்த நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. நன்னூல் படித்த பயன் இங்கே கிடைக்கும்.

இப்போது தேடுங்கள். வினை இருக்கிறது. 'சில்லபே' இருக்கிறது, அசை என்ற பொருளில் ஏராளமான மேற்கோள்களோடு இருக்கிறது, ஆங்கில 'சிலபிள்' அதிலிருந்து வந்தது. ஆனால் பட்டியல் என்ற பொருளில் 'சில்லபோஸ்' என்பதற்குப் பண்டைக் கிரேக்க ஆசிரியர் ஒருவரின் வரியும் சான்றாகத் தேறாது. சொல் இருந்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் எழுதியவர் யாருமில்லை. இந்த நிலை வந்தால் உடனே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

6. மேற்கோளை மூலநூலில் போய்ப் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். மற்ற எதைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள்.

ஆக்ஸ்போர்டு முதல் பதிப்பின் ஒன்பதாம் தொகுதியில் சிலபஸ் பதிவைத் திறந்தால், சொல்லின் பிறப்புக்கு நீளமான ஒரு பத்தி இருக்கும். அது சுட்டும் இடம், ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களின் நான்காம் தொகுதி. 'லேப்' (Loeb) என்ற இருமொழி நூல் வரிசையில் வின்ஸ்டெட் மொழிபெயர்த்து 1912இல் வந்த பதிப்பு ஆர்க்கைவில் இலவசம். இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் ஆங்கிலம். ஓர் எச்சரிக்கை: பிற்காலப் பதிப்புகள் சில, கடிதங்களைக் கால வரிசைப்படி புதிதாக எண்ணியிருக்கும். தொகுதி நான்கு, கடிதம் நான்கு என்ற பழைய எண்ணைக் கொண்டே தேடுங்கள்.

கிமு 56. ஆன்டியம் ஊரில் உள்ள வீட்டில் சிசரோ தன் புத்தகங்களை ஒழுங்குபடுத்துகிறார். அவை சுருள்கள். அடுக்கில் படுக்கவைத்தால் எது எந்த நூல் என்று தெரியாது. அதற்காகச் சுருளின் ஓரத்தில் சின்னத் தோல் துண்டு ஒன்றை ஒட்டி வெளியே தொங்கவிட்டு, அதில் ஆசிரியர் பெயரையும் நூல் பெயரையும் எழுதுவார்கள். அட்டிகஸிடம் சிசரோ கேட்பது இதுதான்: ஒட்டுவதற்கும் மற்ற வேலைக்கும் உன் ஆட்களில் இரண்டு பேரை அனுப்பு, பெயர்ச்சீட்டுக்குக் கொஞ்சம் தோலும் எடுத்துவரச் சொல், கிரேக்கர்களான நீங்கள் அதை 'சித்துபா' என்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேலை முடிந்தபின் எழுதிய கடிதம் ஒன்றில், டிரானியோ என்ற கிரேக்க அறிஞர் புத்தகங்களை அடுக்கிக்கொடுத்த பிறகு வீட்டுக்கே ஓர் உயிர் வந்ததுபோல் இருக்கிறது என்று மகிழ்கிறார். அங்கேயும் இந்தச் சீட்டுகளைப் புகழ்கிறார். இப்படிப்பட்ட சீட்டுகள் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேடுகளில் கிடைத்திருக்கின்றன. சோஃப்ரோன் என்ற கிரேக்க எழுத்தாளரின் நாடக நூலுக்கான பெயர்ச்சீட்டு ஒன்று அவற்றில் உண்டு. நூல் போய்விட்டது, சீட்டு மிஞ்சியது.

சரி, சித்துபா எப்படிச் சிலபஸ் ஆனது? எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது நம் ஊர்ப் பழமொழி மட்டுமல்ல. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1345இல் வெரோனாவில் கண்டெடுத்த இக்கடிதங்கள் கைக்குக் கை பெயர்த்தெழுதப்பட்டு வந்தவை. நடுநடுவே வரும் கிரேக்கச் சொற்கள் பெயர்த்தெழுதுவோர் பலருக்குப் புரியவில்லை. 15ஆம் நூற்றாண்டின் அச்சுப் பதிப்புகள் சிலவற்றில், இரட்டைத் தகரம் இரட்டை லகரமாகி, உயிரும் இடம் மாறி, 'சித்துபாஸ்' (சித்துபாவின் பன்மை) இருக்க வேண்டிய இடத்தில் 'சில்லபோஸ்' வந்து உட்கார்ந்தது. பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் அதைக் கிரேக்க எழுத்தில் மாற்றிப் போட்டார்கள். அச்சில் கிரேக்கமாகத் தெரிந்துவிட்டதால் அதற்கு ஒரு வினையையும் வேராகக் கண்டுபிடித்தார்கள். அடுத்தடுத்த கடிதங்களில் அதே சொல்லுக்குக் கையெழுத்துப் பிரதிகள் காட்டும் வடிவத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. நம் பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் 'பாடபேதம்' என்று போடுவார்களே, அந்த ஒரு பாடபேதத்திலிருந்து உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் புழங்கும் சொல் பிறந்துவிட்டது.

"அகஸ்டின் இருக்கிறாரே!" என்று யாராவது வருவார்கள். பழைய லத்தீன் அகராதி, சிலபஸ் என்ற சொல்லுக்கு கிறிஸ்தவப் புனிதர் அகஸ்டினின் 'ஒப்புதல்கள்' நூலையும் சான்றாகக் காட்டுவதுண்டு: பதின்மூன்றாம் புத்தகம், பதினைந்தாம் அதிகாரம். அந்த இடத்தைத் திறந்து படியுங்கள். தேவதூதர்கள் இறைவனின் முகத்தை எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதால், காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் அசைகள் இல்லாமலேயே அவனுடைய சித்தத்தைப் படிக்கிறார்கள் என்கிறார். அங்கே இருப்பது 'அசை'. அட்டவணைக்கு அங்கே வேலையே இல்லை. தடித்த அகராதியில் அச்சாகியிருப்பதாலேயே ஒரு மேற்கோள் சான்றாகிவிடாது. இடத்தைத் திறந்து பார்ப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

7. பொருளை ஆண்டுவாரியாக அடுக்குங்கள்

இது எளிய படி. இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் பொருள். 1656இல் நூலின் அட்டவணை. 1864 டிசம்பர் 8 அன்று ஒன்பதாம் பயஸ் போப் வெளியிட்ட 'பிழைகளின் சிலபஸ்' 80 கருத்துகளைக் கண்டித்து வரிசைப்படுத்தியது. அங்கே பொருள் பட்டியல். விரிவுரைகளின் சுருக்கக் குறிப்பு, தேர்வுக்குரிய பகுதிகளின் பட்டியல் என்ற பொருள்கள் நிலைபெற்ற பிறகே இன்றைய பாடத்திட்டம்.

இப்படி அடுக்கினால் ஒரு சபலத்திலிருந்து தப்பலாம்: பழைய பொருள்தான் 'உண்மையான' பொருள் என்ற சபலம். இடியட்டுக்குக் கிரேக்கத்தில் தனிமனிதர் என்று பொருள் இருந்ததை வைத்துக்கொண்டு, திட்டியவரிடம் நன்றி சொல்ல முடியாது.

பன்மையைப் பற்றியும் கேட்பார்கள். 'சிலபை', 'சிலபஸஸ்' இரண்டையும் ஆங்கில அகராதிகள் ஏற்கின்றன. அசல் கிரேக்கச் சொல்லே இல்லாத ஒன்றுக்குச் சுத்தமான செவ்வியல் பன்மை எது என்று மல்லுக்கட்டுவது நேரக்கேடு.

8. கிரேக்கத்தோடு நிற்காத சொற்கள்

சில சொற்களுக்குக் கிரேக்கமே இடைத்தங்கல்தான். தமிழ் வாசகருக்கு ஆவலைத் தூண்டும் சொல் 'ஜிஞ்சர்'. ஆங்கிலத்துக்கு லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனுக்குக் கிரேக்க 'சிங்கிபெரிஸ்' கொடுத்தது. கிபி முதல் நூற்றாண்டு மருத்துவர் டயஸ்கோரிடீஸ் இஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். கிரேக்கத்துக்குப் பின்னால் பாலியின் 'சிங்கிவேர'. சமஸ்கிருத 'ச்ருங்கவேர' என்பதைக் கொம்பு போன்ற உடல் என்று விளக்குவார்கள். அது பின்னால் கற்பித்துக்கொண்ட விளக்கமாக இருக்கலாம், அடியில் இருப்பது திராவிட 'இஞ்சி', 'வேர்' இரண்டும்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து.

இங்கே தேவைப்படும் கருவிகள் வேறு. பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (இரண்டாம் பதிப்பு 1984), சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஆகிய இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 'இஞ்சி என்றால் வேர்' என்று எழுதியிருக்கும் ஆங்கிலக் குறிப்பும் உங்கள் கண்ணில் படலாம். சமையலறைக்குள் ஒரு நிமிடம் போய்வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்த வகைச் சொல்லுக்கு நேரம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கம், பாலி, சமஸ்கிருதம், திராவிடம் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனியாக ஆண்டும் நூலும் வேண்டும். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகக் கண்ணிகளைத் தாண்டிக் குதித்து, எல்லா ஆங்கிலச் சொல்லையும் தமிழில் கொண்டுவந்து கட்டும் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள். அவர்களால்தான் இஞ்சிக்குக் கிடைக்க வேண்டிய நியாயமும் கிடைக்காமல் போகிறது.

9. எழுதி வைப்பதும் அனுப்புவதும்

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை அல்லது ஒரு கோப்பு. அதில் இருக்க வேண்டியவை: ஆங்கிலத்தில் முதற்பதிவு ஆண்டும் நூலும், நுழைந்த வாசல், கிரேக்கத் தலைச்சொல், எந்த அகராதி, எந்தப் பதிப்பு, நீங்களே திறந்து பார்த்த மூல இடங்கள், பார்க்காமல் பிறர் சொல்லி எடுத்துக்கொண்டவை. கடைசி இரண்டையும் வேறு வேறு நிற மையில் எழுதுங்கள். இணையப் பதிவுகள் சத்தமில்லாமல் திருத்தப்படும் என்பதால் பார்த்த தேதியையும் போடுங்கள். ஆர்க்கைவில் கட்டணமில்லாக் கணக்கு ஒன்று திறந்துவைத்தால், காப்புரிமை தீராத நூல்கள் சிலவற்றையும் ஒரு மணி நேர இரவலில் பார்க்கலாம். அதற்குள் பக்கத்தைத் தேடி எடுக்க, என்ன சொல் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள்.

தேடும்போது அகராதியில் உள்ளதைவிட முந்தைய ஆங்கிலப் பதிவு ஏதாவது கையில் சிக்கினால், ஆக்ஸ்போர்டு அகராதிக்கு அனுப்பலாம். வாசகர்கள் சான்று அனுப்புவதற்கென்றே அவர்கள் தளத்தில் படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. கூடவே ஆண்டு தெரியும்படி முகப்புப் பக்கத்தின் படம், சொல் வரும் பக்கத்தின் முழுப் படம், பக்க எண் மூன்றும் இருக்கட்டும். கூகுள் புக்ஸ் காட்டும் ஆண்டை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். பல தொகுதிகள் கொண்ட இதழ்களுக்கு முதல் இதழின் ஆண்டையே எல்லாத் தொகுதிக்கும் போட்டுவைத்திருப்பது அங்கே வழக்கம். 1820 என்று காட்டும் தொகுதியின் முகப்பைத் திறந்தால் 1907 என்று அச்சிட்டிருக்கும்.